நெற்றிப் பலகையில் ஒரு பள்ளம்

ஒரே ஒரு வேப்பம்பலகையைக் கொண்டுவர மூன்று பேர் எதற்கு என்றுதான் ஜெஸ்லினுக்கு முதலில் எரிச்சல் வந்தது. திருவேங்கடம் சாலையில் அவள் கடைக்கு முன்னால் லோடு ஆட்டோ நின்றாலே பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். இவர்களோ பொண்ணு அழைத்து வருகிற மாதிரி நிதானமாக இறங்கினார்கள். ஒருவர் பலகையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார், இன்னொருவர் மறு முனையை. மூன்றாவதாக ஓர் அம்மாள், பலகை கீழே விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காகவோ என்னவோ, இரண்டு கையையும் அதற்கடியில் நீட்டியபடியே நடந்து வந்தாள்.

முன்னால் பிடித்து வந்தவர் பெத்துராஜ். அந்த வட்டாரத்தில் கதவு, ஜன்னல், நிலை என்று மரவேலை எடுத்துச் செய்கிறவர். பின்னால் வந்தவர் சங்கரசுப்பு, குருவிகுளம் பக்கத்தில் மானாவாரி விவசாயம். மறுநாள் விடிகாலையில் அவருடைய புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்க முகூர்த்தம் குறித்திருந்தது. அந்த நிலைக்கு மேலே, முன்பக்கம் பார்த்து வருகிற நெற்றிப் பலகையில்தான் கஜலட்சுமி செதுக்க வேண்டும். கையை நீட்டியபடி வந்த அம்மாள் சங்கரசுப்புவின் அக்கா வள்ளித்தாய். மரத்தைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அவளாகவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.

"ஜெஸ்லினு, நல்லாப் பாத்துக்கோ" என்றார் பெத்துராஜ். "இவரு காட்டு ஓரத்துல நின்ன ஒத்த வேம்பு. நிலை முழுசும் அதுலதான் அடிச்சிருக்கேன். மிஞ்சுனது இந்த ஒரு பலகதான். வேற துண்டு கெடயாது."

"ஒரே மரத்துலதான் இருக்கணும் தாயி" என்றார் சங்கரசுப்பு. "ஓட்டை, வெடிப்பு, ஒட்டு ஒண்ணும் ஆவாது. என் பெஞ்சாதி வீட்டுல அதெல்லாம் ரொம்பப் பாப்பாக."

ஜெஸ்லின் தலையை ஆட்டினாள். இது அவளுக்கு வந்த முதல் நிலைப் பலகை.

அவளும் அவள் புருஷன் செல்வமணியும் ஃபிளெக்ஸ் போர்டு போட்டுப் பிழைத்தவர்கள். கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் சிரித்த முகங்களை அச்சடித்து அடித்து அலுத்துப்போய்த்தான் அவள் இந்த சி.என்.சி. ரவுட்டரை வாங்கினாள். மேசை மேல் உட்கார்ந்துவிடுகிற சின்ன மெஷின். கம்ப்யூட்டரில் வரைந்ததை, பிட் என்கிற சுழலும் வெட்டுமுனையைக் கொண்டு மரத்தில் அப்படியே குடைந்து எடுக்கும். எடுக்கும் என்று வீடியோவில் சொன்னார்கள். பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு நட்டாக முடுக்கி நிமிர்த்தி, ஒரு வட்டம் வெட்டு என்றபோது அது கோழிமுட்டை வெட்டியது. செல்வமணி அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றான். ஜெஸ்லின் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டு மெஷினோடு பேச ஆரம்பித்தாள். கடைசியில் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே இரண்டு நூலை இழுத்துக் கட்டினாள். நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டிய நூல்கள் தொடாமல் நின்றன. கழுவிய தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று கடைக்காரர் தரையை வாட்டமாகப் போட்டிருந்தார். தரை சாய்ந்ததில் மேசை முறுக்கிக்கொண்டு, மேசையோடு மெஷினும் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மேசைக் காலுக்கு அடியில் பிளைவுட் துண்டுகளைச் சொருகி, நூல் இரண்டும் முத்தமிடும்வரை விடவில்லை அவள். அதற்குப் பிறகு வட்டம் வட்டமாகவே வந்தது.

வீட்டுப் பெயர்ப்பலகை வந்தது, சர்ச்சுக்கு வசனப் பலகை வந்தது, பூஜை அலமாரிக் கதவுகூட வந்தது. நிலை வேலை மட்டும் வரவில்லை. வாசல் சமாச்சாரத்தை ஒரு பொம்பிளையிடம், அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பொண்ணிடம் எப்படிக் கொடுப்பது என்று இழுத்தார்கள். அதை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மரம் இன்னும் காயவில்லை என்பார்கள். பெத்துராஜ்தான் தன் பேரில் பொறுப்பேற்று இதைக் கொண்டுவந்திருந்தார். இது கெட்டால் அவர் இந்தக் கடைப் பக்கம் திரும்ப மாட்டார், அவரைப் பார்த்து வேறு யாரும் வர மாட்டார்கள்.

பலகையை மெஷினுக்கடியில் நுழைத்து, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த பகுதிக்கு ஸ்டூல் முட்டுக்கொடுத்து, கிளாம்பு போட்டு இறுக்கினாள். சங்கரசுப்பு கோயிலிலிருந்து சந்தனம், குங்குமம், பிச்சிப்பூ மாலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். மாலையை நேரே சுழலும் மோட்டாரில் போடப் போனார்.

"அண்ணாச்சி, அதுல வேண்டாம். சுத்துத சுத்துக்கு மாலை என் மூஞ்சிக்குத்தான் வரும்."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் மேல் போட்டார். பாதித் திரையைப் பிச்சிப்பூ மறைத்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். பலகையின் ஓரத்தில் ஒரு பொட்டு, மெஷினின் சட்டத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தைப் பெத்துராஜிடம் நீட்டினார். பெத்துராஜ் வைத்தார். ஜெஸ்லினிடம் நீட்டினார். அவள் தன் வழக்கப்படி சட்டத்தின் மேல் கையை வைத்து ஒரு நொடி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டாள். வள்ளித்தாய் அதற்குள் சுவரோரம் ஒதுங்கியிருந்தாள். யாரும் அவளை ஒதுங்கச் சொல்லவில்லை. இளவயதில் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள், கிண்ணம் தன் பக்கம் வராது என்று அவளுக்கே தெரியும். கிண்ணம் வரவும் இல்லை. ஜெஸ்லினுக்கு அது சுருக்கென்றது. கேட்பதற்கு நாம் யார் என்று வேலையைப் பார்த்தாள்.

சந்தனத்தையும் குங்குமத்தையும் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஆண்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். சங்கரசுப்புவின் ஊர்க்காரரான ஆட்டோ டிரைவர் வாசலிலேயே வண்டியில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்தின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்பதை மெஷினுக்கு முதலில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு தகடு உண்டு, தீப்பெட்டி அளவு அலுமினியம். தகட்டில் ஒரு வயர், பிட்டில் ஒரு வயர். தகட்டை மரத்தின் மேல் வைத்துவிட்டால், பிட் மெதுவாக இறங்கி வந்து தொடும். தொட்டதும் கரண்ட் பாயும், மெஷின் நின்றுவிடும். ஜெஸ்லின் தகட்டைக் கையில் தூக்கி பிட்டில் தொட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சரி என்று தகட்டை மரத்தின் மேல் வைத்தாள். அப்போதுதான் தூசி உறிஞ்சும் குழாய் அடைத்திருப்பது ஞாபகம் வந்தது. பின்கட்டுக்கு எடுத்துப்போய், கம்பியை விட்டுக் குத்தி, பழைய தூளையெல்லாம் தட்டி, கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் சரிசெய்தாள். திரும்பி வந்தபோது வள்ளித்தாய் அதே சுவரோரம் நின்றிருந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

பிச்சிப்பூவை ஒதுக்கிவிட்டு ஜெஸ்லின் பட்டனை அமுக்கினாள்.

பிட் இறங்கியது. சுழலாமல், அவசரமில்லாமல் இறங்கியது. தகட்டுக்கு ஒரு நூல் உயரத்துக்கு வந்தபோதுதான் அதன் மேல் மஞ்சளாக ஏதோ இருப்பதைப் பார்த்தாள். நடுவில் சிவப்பு. காய்ந்த சந்தனம் என்று மூளைக்கு எட்டுவதற்குள் பிட் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. மெஷினுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, இன்னும் இறங்க வேண்டும் என்று நினைத்து அழுத்தியது. பிட்டை இறக்குகிற மோட்டார் உறுமியது. சட்டம் முழுவதும் நெளிந்தது. அவள் கை சிவப்புப் பட்டனை அடிப்பதற்குள் தகடு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, பிட் டக்கென்று முறிந்து தெறித்தது.

பிட் போனால் போகிறது, வேறு இருக்கிறது. தகட்டை எடுத்துப் பார்த்தாள். அதன் மூலை மரத்தில் இறங்கியிருந்தது. வழவழவென்று இழைத்த வேப்பம்பலகையின் முகத்தில், நகத்தால் குத்தியது போல ஒரு பள்ளம்.

ஜெஸ்லின் விரலால் தடவினாள். தடவினால் போகிற பள்ளமா அது. திரும்பிப் பார்த்தாள்.

"யாரு அக்கா இதுல சந்தனம் வச்சது."

கடையில் இருந்ததே இரண்டு பேர். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"நாந்தான் தாயி" என்றாள் வள்ளித்தாய். "மரத்துல வச்சா தெரிஞ்சிரும். நாளைக்கு நிலை வைக்கும்போது என்னைய முன்னால விட மாட்டாக. அதான், இந்தத் தகட்டுல வச்சா யாரும் பாக்க மாட்டாகன்னு... அது மரத்து மேலதான கெடந்துச்சு. மரத்துல வச்ச மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்."

ஜெஸ்லினுக்கு வந்த கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று.

"அவன்ட்ட சொல்லிராத தாயி. நான் தொட்டதால பலக கெட்டுதுன்னு ஆயிரும். பொறவு அந்த வீட்டுப் படிய நான் எப்படி மிதிப்பேன்."

ஜெஸ்லின் பலகையையே பார்த்தாள். பள்ளம் விழுந்திருந்த இடம் கஜலட்சுமியின் கட்டத்துக்கு வெளியே, இரண்டு விரல் தள்ளி. கட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு கொடி சேர்த்து வரைந்தால் பள்ளம் கொடியோடு போய்விடும். யாருக்கும் தெரியாது. வழி அவள் மனதில் உடனே வந்துவிட்டது, அதனால்தான் பயமாகவும் இருந்தது. ஊனம் ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்ன மனுஷனின் வாசலில், ஊனத்தை ஒளித்துவைத்துக் கொடுப்பதா. சொன்னாலோ, இந்த அம்மாள் கதி என்ன.

அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். பெத்துராஜ் அவளுக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார். மரத்தைப் பார்த்ததும் டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என் தப்புதான் அண்ணாச்சி" என்றாள் ஜெஸ்லின். "தகட்ட இன்னொரு தடவ சோதிக்காம அமுக்கிட்டேன்."

சங்கரசுப்பு பள்ளத்தைப் பார்த்தார். தகட்டைக் கையில் எடுத்தார். அதில் பாதி நசுங்கிய சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். தான் அதில் வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவின் விரலைப் பார்த்தார். வள்ளித்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யக்கா, ஒன்ன யாரு தொடச் சொன்னா."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. வள்ளித்தாயின் முகம் செத்துப்போயிற்று. ஆட்டோ டிரைவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"பெத்துராஜு, பலகய வண்டில ஏத்துங்க. நெத்திப் பலக வேண்டாம். மொட்டையாவே நிலைய வச்சுக்கிடுவோம்."

பெத்துராஜ் கிளாம்பில் கையை வைத்தார்.

"கைய எடுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெஸ்லின். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். வீட்டில் செல்வமணி அந்தக் குரலைக் கேட்டால் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். "பலகய ஏத்துங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னால ஒண்ணு பாத்துட்டுப் போங்க."

மேசை டிராயரிலிருந்து கரண்ட் பார்க்கிற மீட்டரை எடுத்தாள். தகட்டைத் துடைத்து, தின்னர் போட்டு மறுபடி துடைத்தாள். மீட்டரின் இரண்டு முனையையும் தகட்டில் வைத்தாள். பீப் என்று கத்தியது.

"கேக்குதுல்லா. இப்ப நீங்க வைங்க."

"நானா."

"நீங்கதான். சாமி கும்பிட்டுட்டு, வலது கையால வைங்க. சும்மா லேசா தீத்தாதீங்க, நல்லா வைங்க."

சங்கரசுப்பு பெத்துராஜைப் பார்த்தார். பெத்துராஜ் சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சந்தனத்தைத் தொட்டுத் தகட்டில் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். சந்தனம் காய்கிற வரைக்கும் ஜெஸ்லின் அதை மின்விசிறிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தெருவில் விசைத்தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இது காயாமல் போய் மீட்டர் கத்தித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று தகட்டை இன்னும் கொஞ்சம் விசிறிப் பக்கம் உயர்த்தினாள்.

ஒரு முனையைத் தகட்டின் விளிம்பில் வைத்தாள். இன்னொரு முனையைச் சந்தனத்தின் மேல் வைத்தாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

"ஒங்க பெஞ்சாதிய வரச் சொல்லுங்க, மாமியார வரச் சொல்லுங்க, நான் எங்க பாஸ்டரக் கூப்பிடுதேன். யாரு வச்சாலும் இது கத்தாது அண்ணாச்சி. காஞ்ச சந்தனத்துல கரண்டு பாயாது, அம்புட்டுத்தான். அதுக்கு யாரு கைன்னு தெரியாது. தகட்ட வச்சுட்டு நான் பின்கட்டுக்குப் போனேன் பாருங்க, அதான் தப்பு. அது என் தப்பு."

சங்கரசுப்பு தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பள்ளம் விழுந்தது விழுந்ததுதான். நான் மறைக்கல" என்று தொடர்ந்தாள். பூமாலையைத் தூக்கிவிட்டுத் திரையைக் காட்டினாள். "லட்சுமிக்கு ரெண்டு பக்கமும் ஒரு கொடி சேக்கலாம். கொடிக்குக் குடையும்போது பள்ளம் அதோட போயிரும். மெழுகு வைக்கல, ஒட்டு போடல. மரத்துல இருந்து எடுக்கத்தான் போறேன், எதையும் சேக்கல. அதுவும் ஒங்களுக்கு ஊனம்னு பட்டா, ஏத்திட்டுப் போங்க. வாசல் ஒங்களுது."

பெத்துராஜ் குனிந்து பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். "கொடி இதவிட ஆழமா எறங்கும்" என்று மரத்துக்குச் சொல்வது போலச் சொன்னார்.

சங்கரசுப்பு பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஜெஸ்லின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு தாயி" என்றார் கடைசியில்.

கொடியை வரைந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்து, புது பிட் மாட்டி, தகட்டைத் துடைத்துத் தொட்டுப் பார்த்து, வைத்த பிறகும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். இந்த முறை பிட் தகட்டைத் தொட்டதும் விளக்கு எரிந்து மெஷின் நின்றது. மோட்டாரைச் சுழலவிட்டாள். முதலில் கொடியை வெட்டும்படிதான் வைத்திருந்தாள், கெடுவதானால் அப்போதே கெட்டுத் தொலையட்டும் என்று. சிவப்புப் பட்டனை விட்டு அவள் கை நகரவில்லை. பிட் கொடியின் நுனியிலிருந்து கிளம்பி, ஓர் இலையைச் சுற்றி வளைந்து, பள்ளத்தை நோக்கி வந்தது. நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிட் பள்ளத்தின் மேல் ஏறியது, வேப்பந்தூள் குப்பென்று பறந்தது, குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. தூள் போன இடத்தில் ஒரு கொடித் தண்டு இருந்தது. ஜெஸ்லினுக்கு அழுகை வந்துவிட்டது, தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்தாள்.

யானையின் துதிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தபோது சங்கரசுப்புவின் போன் அடித்தது. அவர் பெஞ்சாதி இசக்கிச்செல்வி. மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, பலகைல ஏதோ ஆயிட்டாமே. ஆட்டோக்காரரு போன் போட்டுச் சொன்னாரு. சந்தனம் வச்சு மெஷின் ஒடஞ்சிட்டுன்னு. மயினி தொட்டாகளா?"

வாசலில் ஆட்டோ டிரைவர் சட்டென்று வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சங்கரசுப்பு டிரைவரை முறைத்தார். "அக்கா தொடல. நாந்தான் தெரியாம வச்சுட்டேன்."

நல்ல மனுஷன்தான் என்று நினைத்தாள் ஜெஸ்லின். அடுத்த நொடியே, இவ்வளவு பார்த்த பிறகும் பொய் சொல்லித்தானா அக்காளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆத்திரமாகவும் வந்தது.

வள்ளித்தாய் சுவரோரத்திலிருந்து வந்தாள். தம்பியின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி செல்வி, அவன் பொய் சொல்லுதான். நாந்தான் வச்சேன். பலகைக்கு ஒண்ணும் ஆவல, லெச்சுமி நல்லா வந்துக்கிட்டிருக்கா. நாளைக்கு நிலைக்கும் மொதப் பொட்டு நாந்தான் வைப்பேன். ஒங்கம்மாட்ட இப்பமே சொல்லி வையி."

போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

போனுக்குள் இசக்கிச்செல்வி என்ன சொல்லுதாக இவுக, என்ன சொல்லுதாக என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கரசுப்பு அக்காளைப் பார்த்தார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அக்கா சொன்னதுதான்" என்றார்.